தறிக்குக் காட்டிய கற்பூரம்

12-8-1971, வியாழன்

சமையலறையில் பிடித்த தீ தறி அறையையும் கருக்கிப் பத்து நாளாகிறது. இன்று இன்சூரன்ஸ் அதிகாரி சேதம் பார்க்க வந்தார். பிரீமியம் கூடிவிடுமென்று பயந்து, பாலிசி எடுக்கும்போது தறியை மறைத்தவன் நான். சத்தம் கேட்கக் கூடாதென்று, நெசவு இல்லாத அமாவாசையன்றுதான் ஏஜெண்டை வரவழைத்தேன். எழுதியதைப் படிக்காமல் கையெழுத்தும் போட்டேன்.

அதிகாரி கருகிய தறியையே பார்த்தார். "தறியை மறைச்சிருந்தா கூரைக்கும் சேர்த்து ஒண்ணும் வராது" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரே காகிதத்தைப் புரட்டி, "உங்களுதுல பட்டுத்தறி ஒண்ணுன்னு எழுதியிருக்குதே. ரெண்டுக்கும் கிடைக்கும், பயப்படாதீங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அவர் போனதும், ஏஜெண்டுக்குத் தறி எப்படித் தெரிந்ததென்று என் மனைவி கனகாவைக் கேட்டேன்.

"ஏஜெண்டுக்கு சோடா வாங்கப் போனீங்களே, அப்போ தறிக்குக் கற்பூரம் காட்டிக்கினு இருந்தேன். வந்த மனுசனுக்குத் தட்டை நீட்டாம இருப்பாங்களா? உள்ள வந்து கண்ணுல ஒத்திக்கினாரு" என்றாள்.

பிரீமியம் அதிகமாக இருக்கிறதென்று, இரண்டு வருஷமாக அந்த ஏஜெண்டைத் திருடன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.