இல்லாத காலில் ஊர்ந்த எறும்பு

மாமா,

இன்று காலையில் பாத்ரூம் கதவைத் திறந்தால் எறும்பு வரிசை. நீங்கள் இருந்தபோது வந்த அதே சிற்றெறும்பு, அதே மூலை. நீங்கள் போன பிறகு அந்தப் பக்கம் ஒன்றுகூட வந்ததில்லை. கதவிடுக்கில் மூடுபனி நுழைந்துகொண்டிருந்தது. "யாரத் தேடுறீங்க? அவரு காலி பண்ணிட்டுப் போயிட்டாரே" என்று குனிந்து சொன்னேன். வரிசை கலையவில்லை.

அன்றைக்கு நீங்கள் பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். "பாத்தியா மாப்ள, மாமாவுக்கு எத்தன ரசிகர்க!"

"உங்களுக்குச் சுகர் இல்ல மாமா. சுகர் ஃபேக்டரி."

வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். அந்த வயிறு வீட்டுக்குள் வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் நீங்கள் வருவீர்கள். சோற்றைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். நீங்களும் சொல்பேச்சுக் கேட்டுப் பாதித் தட்டைக் காலி செய்து, அந்த இடத்தில் உருளைக்கிழங்கைக் குவித்தீர்கள்.

"சோத்தத்தானப்பா சொன்னாரு. கெழங்கு காய்தான? நம்ம குளிருக்கு எல்லாம் எரிஞ்சிரும்."

"எந்தம்பி தோட்டத்துக் கெழங்கு, என்ன பண்ணிரப் போகுது?" என்று அம்மா இன்னொரு கரண்டி வைப்பாள். அதே சட்டியில் அவளும் வழித்துத் தின்பாள்.

ஒரு மத்தியானம் கட்டிலில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் தரையில் ஊர்ந்து வந்து, பைன் ஊசியிலையால் உங்கள் உள்ளங்காலில் குதிகால் முதல் பெருவிரல் வரை கோடு இழுத்தேன். அசைவில்லை. அழுத்திக் குத்தினேன். நீங்கள் டிவியைப் பார்த்து "அடி, அடி" என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். என் தலை தெரிந்த பிறகுதான், "ஏலே, கீழ என்னல சோலி?" என்றீர்கள்.

"இந்தக் காலு உங்களுதுதானான்னு விசாரிக்கிறேன் மாமா."

இருவரும் சிரித்தோம். கால் மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது.

பிறகு ஒருநாள், பூட்ஸுக்குள் சரளைக்கல் கிடப்பது தெரியாமலே பொழுதுக்கும் தோட்டத்தில் நடந்துவிட்டு வந்தீர்கள். புண் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"மாப்ள, பாதத்துல எறும்பு ஊருது. தட்டி விடேன்."

"எந்தப் பாதத்துல மாமா?"

"இல்லாததுல."

ஒன்றுமில்லாமல் தட்டையாகக் கிடந்த போர்வையைத் தட்டினேன். "ம்... எறங்கிப் போயிருச்சு" என்று கண்ணை மூடினீர்கள். எங்கே இறங்கிப் போனது என்று நான் கேட்கவில்லை. அந்தப் புண் ஆறவேயில்லை. கொஞ்ச நாளில் நீங்களும் போய்விட்டீர்கள்.

இப்போது வீட்டில் அம்மாவும் நானும்தான். இன்று அவள் பின்வாசல் படியில் காலை நீட்டிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். விரலைக் காட்டினாலே கூச்சத்தில் கத்துகிறவள். முற்றத்தில் கிடந்த பைன் ஊசியை எடுத்து அவள் உள்ளங்காலில் கோடு இழுத்தேன்.

"இன்னும் குளிக்கலையால? ஸ்கூலுக்கு நேரமாகுது" என்று கிழங்கைப் பார்த்தபடியே பேசினாள். குத்தினேன். சீவுகிற கத்தி நிற்கவில்லை.

"ம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"எனக்கென்னல, நல்லாத்தான இருக்கேன்?"

ஆஸ்பத்திரி என்றாலே நீங்கள் சொல்லும் அதே வார்த்தை. உங்கள் இழுப்பு. நீங்கள் வாசலில் நிற்கிறீர்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். வெறும் பனிதான்.

"ஒனக்கில்லம்மா, எனக்கு. பாத்ரூம்ல எறும்பு வருது. நான் ஒண்ணுக்குப் போன எடத்துல."

கத்தி கீழே விழுந்தது. "வெரசா கெளம்புலே" என்று எழுந்துவிட்டாள்.

மலையிறங்கும் பஸ்ஸில் இதை எழுதுகிறேன். அம்மா என் இடது கையை விடாமல் பிடித்திருக்கிறாள். அங்கே போனதும், "ரத்தம் குடுக்கப் பயமா இருக்கு, நீ மொதல்ல குடுத்துக் காட்டு" என்று சொல்லப் போகிறேன். குடுப்பாள். நான் செய்த குறும்புகளில் எனக்கே சிரிப்பு வராதது இது ஒன்றுதான்.

அந்தப் பைன் ஊசி சட்டைப் பையில் இருக்கிறது. வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் நெஞ்சில் குத்துகிறது. குத்தட்டும் மாமா. தெரிகிறதே.