பயிற்சி அறையில் நீ கேட்ட கேள்வி

இன்று செபராங் ஜெயாவில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமியின் கையிலிருந்து ரப்பர் பொம்மை நழுவித் தொப்பென்று விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் முகமெல்லாம் சூடேறியது. இந்த வயசிலுமா என்று நீ சிரித்திருப்பாய்.

ஜார்ஜ் டவுனில் நாம் தாதிப் பயிற்சி பெற்ற காலம். பிரசவம் பார்க்கும் தேர்வில் உண்மையான தாய் கிடையாது. நம்மில் ஒருத்தி கட்டிலில் படுத்து, ரப்பரில் செய்த இடுப்பைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு வலியில் முனக வேண்டும். இன்னொருத்தி அதிலிருந்து பொம்மைப் பிள்ளையை எடுக்க வேண்டும். என் முறை வந்தபோது தாயாகப் படுத்தவள் நீ. நிஜம் போல வழுக்கட்டும் என்று பொம்மைக்குச் சோப்புத் தண்ணீர் தடவியிருந்தார்கள். தலையை ஒழுங்காகத்தான் பிடித்தேன். தோளைத் திருப்பும்போது கை நழுவிவிட்டது. பொம்மை சிமெண்டுத் தரையில் விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது.

சுவரோரம் நின்ற மற்ற மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. தலையைத் தூக்கி, பெற்றவள் தாதியைக் கூப்பிடும் குரலிலேயே கேட்டாய்:

"மிஸி, என் பிள்ளைக்கு என்னாச்சு?"

நீ மறுபடியும் கேட்டாய். ஈரக் கைகளை உடுப்பில் துடைத்தபடியே நின்றேன். சோதித்த சிஸ்டர் பேனாவை மூடினார்.

"பொம்மை விழுந்ததுக்கு ஃபெயில் போடலம்மா. கை யாருக்கும் வழுக்கும். அவ கேட்டுக்கிட்டே இருக்கா, நீ வாயே தொறக்கல."

அதற்குப் பிறகு உன்னோடு பேசாமலே இருந்தேன். என் ஊர் நிபோங் திபாலுக்கே பஸ் ஏறிவிடலாம் என்றிருந்தது. ஒருநாள் ஹாஸ்டலில் நீயே சாப்பாட்டுத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"எதுக்குடி அப்படிக் கேட்ட? எல்லார் முன்னாலயும் மானம் போச்சு."

"நீ ஏதாச்சும் சொல்லுவேன்னுதான் லா கேட்டேன். 'விழுந்துருச்சும்மா, இருங்க பாக்கறேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சிஸ்டர் விட்டிருப்பாங்க. எனக்கு வேற வழி தெரியல."

கை கொடுக்கத்தான் கேட்டிருக்கிறாய். அது புரிந்தபோது, விழுந்த பொம்மையைவிட உன்மேல் காட்டிய கோபம்தான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

மறுதேர்வில் தேறினேன். பிறகு வார்டில் எத்தனையோ பிள்ளைகளை ஏந்தினேன். அழாத பிள்ளைகளையும்தான். தாய் கேட்டால் முகத்தைத் திருப்பாமல் பதில் சொல்லப் பழகினேன். ஆனாலும் வாய் திறக்கும் முன், அந்தப் பழைய வெட்கம் ஒரு கணம் வந்து நிற்கும். அது இன்றுவரை ஆறவில்லை.

உன் கடைசி நேரத்துக்கு உன் மகளால் வந்து சேர முடியவில்லை. காரியத்துக்கு வந்தவர்களெல்லாம் அவளிடம், அம்மா தூக்கத்திலேயே அமைதியாகப் போனார் என்றார்கள். அவள் என்னைத் தனியே அழைத்துப் போனாள்.

"நீங்கதான கூட இருந்தீங்க ஆன்ட்டி. அம்மாவுக்கு வலிச்சுதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிச்சுதும்மா. ஊசி போட்டதுக்கப்புறம் அடங்குச்சு. உன் பேரைச் சொன்னா. நான் அவ கையை விடல."

அதுவரை அழாமல் இருந்த பிள்ளை, என் தோளில் சாய்ந்து அழுதாள்.