எலிக்கு வந்த சுகம்

கொடிகாமம்,
18.05.2025

அன்புள்ள தம்பி பிரணவனுக்கு,

அண்ணி உதயகலா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், உமது அண்ணையைத் தவிர. அவரும் தான் சுகம் என்றுதான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். போனில் கதைக்கலாம்தான். ஆனால் நீர் எடுத்தாலே ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நிற்கிறார். அதனால் நோர்வே திரும்பும் பக்கத்து வீட்டு றொசாந்தியிடம் ஒடியல் மாவோடு இதையும் கொடுத்து விடுகிறேன்.

நிற்பதுதான் இப்போது அவருக்கு முழுநேர வேலை. ஒரு வருடமாகப் புரொஸ்ரேட் வீக்கமும் அடிவயிற்று நோவும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவரைக் கதிரையில் இருக்க விடுவதில்லை. வெளியே சொல்ல வெட்கம். கலியாண வீடுகளில் பந்தியில் இருக்க முடியாமல் கறி வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போனார். தான் சாப்பிடாமல் பிறருக்குப் பரிமாறுகிற மனிதன் என்று ஊர் உருகிப்போய், போன மாதம் சனசமூக நிலையத்துக்கு அவரையே தலைவராக்கிவிட்டது. இனி மேடையில் மூன்று மணித்தியாலம் இருக்க வேண்டுமே! பரிசளிப்பு விழாவில் மைக்கைச் சரிசெய்ய ஒன்பது தரம் எழும்பினார். மைக்கில் ஒரு பிழையும் இல்லை. நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இனி உமது விஷயம். உங்கள் ஆய்வுகூடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களில் மருந்தை ஏற்றி, வீங்கிய இடத்துக்கே அனுப்பிப் பார்க்கிறீர்கள் என்றும், எலிகளுக்கு நோவு குறைந்தது என்றும் தைப்பொங்கலன்று சொன்னீர். அன்றிலிருந்து நெல் மூட்டையைக் கடிக்கிற எலிக்குக்கூடப் பொறி வைக்க விடுகிறார் இல்லை. "அதுகள் எனக்காகக் கஷ்டப்படுற சாதி" என்கிறார். மனிதருக்கு வர எத்தனை வருடமோ, வராமலே போகவும் கூடும் என்று நீர் அதே மூச்சில் சொன்னது மட்டும் அவர் காதில் விழவில்லை.

மாசியில் ஒருநாள் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் நல்ல மனிதர். நாட்பட்ட அழற்சி போலத்தான் தெரிகிறது, இதற்கு இப்போதே மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன, ஆனாலும் இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வேன் என்றார். இரண்டு தரம் திகதி தந்தார்கள். இரண்டு தரமும் இவர் போகவில்லை. கேட்டால், "தம்பியின்ரை மருந்து வரட்டும், அதுவரைக்கும் நான் ஒரு இடமும் வரமாட்டன்" என்கிறார்.

தம்பி, உங்கள் அப்பா, என் மாமாவும் இப்படித்தான் உடம்புச் சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று சொன்னார்கள் என்பது உமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இவர் உமது மருந்துக்காகக் காத்திருக்கவில்லை. அந்தப் பதிலைக் கேட்கப் பயந்து அதற்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார். எனக்கும் பயம்தான். பகலில் பகிடி விட்டுச் சமாளிக்கிறேன்.

அடுத்த திகதி யூன் பன்னிரண்டு. அதற்கு முதல் நீராகவே போன் எடுத்து, எனது மருந்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே போங்கள் என்று சொல்லிவிடும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். நான் சொன்னால் நச்சரிப்பு, நீர் சொன்னால் விஞ்ஞானம்.

உமது ஆராய்ச்சி கைகூடச் சந்நிதி முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன். அது மனிதருக்கு வர எத்தனை வருடமானாலும் ஆகட்டும். வருகிற அன்று அதை வாங்கிப் போட உமது அண்ணை எனக்கு உயிரோடு வேண்டும், தம்பி.

என்றும் உமது நலம் வேண்டும்,
அண்ணி
உதயகலா