மேல்சரிவு எலுமிச்சை

என் செல்லக் கோபக்காரிக்கு,

காய்ச்சல் போய் நான்கு மாதமாகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் ருசி பார்க்கும் இந்தத் தோட்டத்தில் ஒரே இனக் காப்பிதான். மேல்சரிவில் விளைந்தால் எலுமிச்சை வாசம், கீழ்ச்சரிவில் வறுத்த கடலை வாசம். இப்போதெல்லாம் கோப்பையில் ஒட்டிய சீட்டைப் பார்த்துத்தான் ருசி சொல்கிறேன். நேற்று கீழ்ச்சரிவுக் காப்பியை உறிஞ்சிவிட்டு, "எலுமிச்சை" என்றேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். காப்பிச் சாக்கில் இருந்த முத்திரையைப் பார்த்தபோதுதான் சீட்டு மாறியிருந்தது தெரிந்தது.

"உங்க மூக்குக்கு யாருங்க ஈடு?" என்று முதலாளி ஒப்பந்தத்தை மூன்று வருடம் நீட்டிவிட்டார். மறுத்தால் காரணம் கேட்பார். கையெழுத்துப் போட்டேன்.

பிள்ளையின் சட்டை வந்தது. துவைக்காமல் அனுப்பச் சொல்லியிருந்தேனே? மூன்று நாளாக முகத்தில் போட்டுக்கொண்டு படுக்கிறேன்.

மறந்துபோய்த் துவைத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

நீ வைத்த பெயரோடு,
மூக்கன்