அலுமாரிக்குப் பின்னால் மெழுகாத சுவர்

24.01.1969

எல்லோரும் படுத்துவிட்டார்கள். விளக்கை மேசைக்குக் கீழே வைத்து எழுதுகிறேன். அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதால் கொப்பி மட்டையெல்லாம் நுளம்பு மருந்தின் வெள்ளைத் தூள்.

பெரியப்பாவின் மகள் நேசமலர் அக்கா பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறார். அவருடைய வகுப்பில் ஆளுக்கொரு கேள்வி கொடுத்திருக்கிறார்களாம். அக்காவின் கேள்வி: மலேரியாவுக்காகச் சுவரில் அடிக்கும் மருந்து எத்தனை மாதம் நுளம்பைக் கொல்லும்?

விடை எந்தப் புத்தகத்தில் என்று கேட்டேன்.

"புத்தகத்திலை இல்லையடி. எங்கடை சேருக்கும் தெரியாது. நான்தான் கண்டுபிடிக்கவேணும்."

சேருக்கும் தெரியாதா? அப்படியென்றால் பிழை விட்டால் யார் திருத்துவது?

25.01

"சின்னம்மா, மார்கழியிலை மருந்தடிச்ச பிறகு சுவரை மெழுகினனீங்களோ?" என்று அக்கா கேட்டார்.

"இல்லைப் பிள்ளை. ஆர் மெழுகினது?"

பொய். பொங்கலுக்கு முதல் நாள் அம்மாவும் நானும் மண்ணும் சாணமும் குழைத்து வீடு முழுக்க மெழுகினோம். எங்கள் வீதியில் மெழுகாத வீடே இல்லை.

பிறகு குசினியில் அடுப்புக்கு முன்னால் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். "மூச்சுக் காட்டாதை. மருந்தை அழிச்ச ஆக்களின்ரை பேர் காணிக் கந்தோருக்குப் போகுமாம். காணியைப் பறிச்சால் எங்கை போறது?"

காணிக் கந்தோர் கொடுத்து, அப்பா காடு வெட்டித் திருத்திய மூன்று ஏக்கர்.

27.01

மாட்டுக்கொட்டிலில் பிடித்த பத்து நுளம்புகளை நேற்றுக் கண்ணாடிக் குவளைக்குள் விட்டு, வாயைச் சுவரோடு அழுத்தி, அக்கா அரை மணித்தியாலம் நின்றார். மணிக்கூடு பார்த்தது நான். பிறகு ஈரத்துணி கட்டிய போத்தலில் ஒரு நாள்.

செத்தது ஒன்றுதான். பக்கத்து வீடுகள் இரண்டிலும் அப்படியே. அவர்களும் மெழுகவில்லை என்றுதான் சொன்னார்கள்.

29.01

அக்காவுக்கு ஒரே சந்தோசம். "இந்த நுளம்புகளுக்கு மருந்து பழகிப்போச்சு! பெரிய விசயம், தெரியுமே?" சேருக்குக் கடிதம் எழுதிவிட்டார். நாளைக்குக் கிளிநொச்சிக்குப் போய்த் தபாலில் போடுவாராம்.

"அப்ப எங்கடை நுளம்பும் கம்பசிலை படிச்சதோ?" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை.

நான் என்ன செய்ய? சொன்னால் காணி போயிடும். சொல்லாட்டி அக்கா வகுப்புக்கு முன்னாலை பொய்யை வாசிப்பா. இந்த மருந்து சரியில்லை எண்டு நிப்பாட்டிப்போட்டால்? பின்வீட்டுச் சிவனேஸ்வரி காய்ச்சலிலை நடுங்கினது கண்ணுக்குள்ளையே நிக்குது.

கொப்பியில் தூள். அலுமாரிக்குப் பின்னால் கொப்பிதான் போகும்; மெழுகக் கை போகாது. அங்கே நாங்கள் மெழுகவில்லை.

30.01

விடிந்ததும் கொப்பியை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன்.

"அக்கா, ஒருக்கா அலுமாரிக்குப் பின்னாலை வைச்சுப் பாருங்கோ."

"ஏனடி?"

நான் அலுமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். இரண்டு பேருமாக அலுமாரியை இழுத்தோம். வெள்ளையாக இருந்தது சுவர். அக்கா விரலால் தடவினார். பிறகு மற்றச் சுவரை நகத்தால் சுரண்டினார். என்னைப் பார்த்தார். புதிதாகப் பத்து நுளம்பு பிடித்து வந்து குவளையை அந்த வெள்ளைச் சுவரில் அழுத்தினார்.

கடிதம் போடவில்லை.

31.01

பத்தும் செத்துக் கிடந்தன.

அம்மா வாசற்படியில் நின்றார். "பிள்ளை, எங்கடை பேரை எழுதிப்போடாதை."

"பேர் எனக்கு வேண்டாம், சின்னம்மா. எப்ப எப்ப மெழுகிறனீங்கள்? அதை மட்டும் சொல்லுங்கோ."

அம்மா சொன்னார். எனக்குச் சோறு போட்டபோது முகத்தைப் பார்க்கவில்லை.

12.03

அக்காவின் கடிதம். முதல் முடிவு பிழை என்று வகுப்பில் தானே எழுந்து சொன்னாராம். மருந்தடித்து எத்தனை நாளில் சனங்கள் மெழுகுகிறார்கள் என்று இப்போது முழு வகுப்பும் தேடுகிறதாம்.

காணிக் கந்தோரிலிருந்து ஒன்றும் வரவில்லை. இன்னும்.

06.04

மருந்தடிப்பவர் சைக்கிளில் வந்தார். அம்மா வாசலை மறித்தார்.

"தம்பி, இண்டைக்கு அடியாதேங்கோ. வருசப் பிறப்புக்கு மெழுகப்போறன். அதுக்குப் பிறகு வாங்கோ."

நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவர் கதவில் ஒட்டியிருந்த, மருந்தடித்த திகதி எழுதும் அட்டையைப் பார்த்தார். பேனையை எடுத்தார். பேரைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன். போன பிறகு ஓடிப்போய்ப் பார்த்தேன். '16ஆம் திகதி வரவும்' என்று மட்டும் இருந்தது.

அம்மா அதற்குள் மண் குழைக்கத் தொடங்கிவிட்டார்.

"அலுமாரியை இழு. இந்தமுறை பின்னாலையும் மெழுகவேணும்." நிமிராமலே சொன்னார். "முதல் உன்ரை கொப்பியை எடு."