திரைக்கு முன்னால் நின்றவன்

ஒப்ரேரோ பேட்டை, காலி நகரம்,
17 அக்டோபர் 2004

பாசமுள்ள மகள் யமிலெத்துக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் மாட்ரிட்டுக்கு வந்து சேர்வதற்குள் உன் சளி விட்டிருக்க வேண்டும். டிரம்பெட் ஊதுகிறவளுக்கு நெஞ்சில் சளி கட்டினால் தையல்காரனுக்குக் கை நடுங்குகிற மாதிரி. சுடுதண்ணீரில் தேன் கலந்து குடி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்காதே. இங்கே நானும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கச் சுவர் மறுபடியும் ஊறுகிறது. என் முட்டி மட்டும் படியேறும்போது முனகுகிறது, மற்றபடி சுகம்.

டிசம்பர் திருவிழாவில், இருபத்தேழாம் தேதி, உன் அம்மாவைப் பெரிய மேடையில் ஏற்றி நகரசபை மரியாதை செய்யப்போகிறது. அவள் ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கி இருபத்தைந்து வருஷம். அதற்காகப் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து பேட்டி எடுத்துக்கொண்டு போனாள். அதை நீ கம்ப்யூட்டரில் படித்துவிட்டு, "அப்பா, அம்மாவுக்காகத் திரையை விலக்கினது நீங்களா? இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று எழுதியிருக்கிறாய். உன் எழுத்தில் அத்தனை சந்தோஷம். நான் அதை நான்கு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் குன்றிப்போனேன்.

இந்தத் தெருவே என்னை இப்போது ஒரு மாதிரி பார்க்கிறது. ரொட்டிக்கடைக்காரி காசு வாங்க மாட்டேன் என்கிறாள். "உங்கள மாதிரி ஒரு ஆம்பள எனக்குக் கெடச்சிருந்தா நான் ஏன் இந்த அடுப்பு முன்னால வேகறேன்?" என்று புருஷன் காதுபடச் சொல்கிறாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். அந்தப் பேட்டியில் உன் அம்மா சொன்னது பொய். எனக்குத் தெரிந்து அவள் சொன்ன ஒரே பொய்.

அவள் புவேர்த்தோ தெஹாதாவில் கரும்பு வெட்டுகிறவர் மகள் என்பது உனக்குத் தெரியும். அந்த ஊர் பேண்டில் ஒரு பழைய டிராம்போன் கேட்பாரற்றுக் கிடந்தது. இருக்கிற பிள்ளைகளில் கை நீளமானது எர்மினியாதான் என்று அவளிடம் கொடுத்துவிட்டார்கள். திருட்டுக் கை இல்லை, ஊதும்போது டிராம்போன் குழாயைக் கடைசிவரை இழுத்து நீட்டக்கூடிய கை. இருபத்தைந்து வயதில் அதைத் தூக்கிக்கொண்டு இந்த நகரத்துக்கு வந்தாள். பகலில் சலவைக்கடையில் துணி தேய்த்தாள், மாலையில் ஒவ்வொரு ஆர்க்கெஸ்ட்ரா வாசலாகப் போய் நின்றாள். "பாட வரியா சொல்லு, ஆட வரியா சொல்லு. இது ஆம்பள வாத்தியம்மா, வாய் கோணிப்போயிடும்" என்றார்கள் எல்லோரும்.

அப்போது எலாடியோ மாஸ்டரின் ஆர்க்கெஸ்ட்ராதான் ஊரில் முதல். அவருடைய டிராம்போன்காரன் வெனிசுவேலாவில் வேலை என்று திடீரென்று கிளம்பிப் போய்விட்டான். ஒரு நாள் மாலை டிராம்போன் வாசிக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, தெருவிலிருந்து அந்த வாசிப்பு அச்சுப் பிசகாமல் வந்து சேர்ந்துகொண்டது. மாஸ்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "யார்றா அது?" என்றார். உன் அம்மா வாத்தியத்தை இறக்கிவிட்டு, "நாந்தான். உள்ள வரலாமா?" என்று கேட்டாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சத்தம் வேணும். ஆளு வேணாம்" என்றார்.

நான் அன்று அங்கே இருந்தேன். எட்டாவது தெரு தையல்கடையில் எனக்குத் துணி வெட்டுகிற வேலை. ஓடிப்போன டிராம்போன்காரனின் கத்தரிப்பூ நிறச் சூட்டைத் தைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மாஸ்டர் அதை என்னைப் போட்டுப்பார்க்கச் சொன்னார். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. "கண்ணாடியப் பாருடா. நீ பொறந்ததே டிராம்போன்காரனா நிக்கத்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நீலக்கிளி நடனக்கூட மேடையில், முன்வரிசையில், சத்தம் வராதபடி வாயடைத்த ஒரு ஓட்டை டிராம்போனை ஊதுவதாகப் பாவனை செய்துகொண்டு நான். எனக்கு இரண்டடி பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால், பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, காற்றில்லாத புழுக்கத்தில் உன் அம்மா. அந்தத் திரையைத் தைத்ததும் நான்தான். மாஸ்டரின் கை அவளுக்குத் தெரிவதற்காக இரண்டு விரல் அகலத்துக்கு அதில் ஒரு பிளவு விட்டிருந்தேன்.

பத்திரிகையில், ஒரே வாரத்தில் எனக்கு மனசு பொறுக்காமல் எல்லோர் முன்னாலும் திரையை இழுத்துவிட்டதாக இருக்கிறது. மகளே, நான் பதினான்கு மாதம் அங்கே நின்றேன்.

முதல் மாதம் கூச்சமாக இருந்தது. இரண்டாம் மாதம் பழகிவிட்டது. மூன்றாம் மாதம் பிடித்துவிட்டது. அவள் ஊதி முடித்ததும் ஆடுகிறவர்கள் என்னைப் பார்த்துக் கைதட்டுவார்கள், நான் குனிந்து வணங்குவேன். பெண்கள் கைக்குட்டையில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். தெருவில் "மாஸ்டர்" என்று கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்தேன்.

பிளவு வழியாக அவள் என்னைத் திட்டிக்கொண்டே இருப்பாள். "ஏய் தையக்காரா, நான் மேல போறப்ப நீ ஏன் கீழ போறே? ஆடறவங்க குருடுன்னு நெனச்சியா?"

"நீ எப்ப மேல போறேன்னு பாத்தாத்தான தெரியும்?"

"பாக்காத. கேளு."

அதனால் கேட்டேன். அவள் வாசிப்பை என்னைப்போல் கேட்டவன் உலகத்தில் கிடையாது. என் பிடரிக்குப் பின்னால் அது பிறந்தது. அவள் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்கும், அதை வைத்தே அடுத்த வரி சிரிக்கப்போகிறதா அழப்போகிறதா என்று சொல்லிவிடுவேன். ஐந்நூறு பேர் கால் மாற்றி ஆடுகிற இடத்தில் அவள் ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால், அத்தனை பேரும் ஒரு காலைத் தூக்கியபடி காத்திருப்பார்கள். அவர்களை அவள் எப்போது இறக்கிவிடுவாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இத்தனையும் தெரிந்துகொண்டுதான் நான் குனிந்து வணங்கினேன்.

இனி எழுதுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கராகஸிலிருந்து வந்த பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்காரர் ஒருவர் நீலக்கிளியில் என்னை "கேட்டுவிட்டு", முதல் டிராம்போனாக வருகிறாயா என்று கேட்டார். இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் சலவைக்கடைக்குப் போனேன். உன் அம்மா இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தாள். "எர்மினியா, ரெண்டு பேரும் போலாம். அங்கயும் திரை போடச் சொல்லிக்கலாம்" என்றேன்.

அவள் கையிலிருந்த சட்டையின் காலரை மடித்துத் தேய்த்து முடித்தாள். பிறகு, "கடைக்கு வந்த துணி ஏதாவது இருக்கா? இல்லன்னா வழிய விடு, ஆளு நிக்குது" என்றாள்.

அடுத்த ஞாயிறு, மதிய நடனம். கூடம் நிறைந்திருந்தது. டிராம்போன் தனியாக வாசிக்கிற இடம் வந்தது. நான் வாத்தியத்தை உயர்த்தி, கண்ணை மூடி, அவள் சொல்லிக்கொடுத்தபடி கேட்டுக் கேட்டுக் குழாயை இழுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் நெருங்கி வந்தது. என் வலது காதை உரசிக்கொண்டு ஒரு டிராம்போன் குழாய் முன்னால் நீண்டது. திரை அதன்மேல் முக்காடு மாதிரி விழுந்து சரிந்தது. உன் அம்மா வீட்டு உடுப்போடு, வெறுங்காலோடு, தலையிலிருந்து வியர்வை சொட்ட, வாசிப்பை ஒரு மூச்சுக்கும் நிறுத்தாமல் எனக்கு முன்னால் போய் நின்றாள். திரையை விலக்கியது அவள், மகளே. நான் இல்லை.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? இன்னும் குழாயை இழுத்துக்கொண்டிருந்தேன். கூடமே என்னைப் பார்த்துச் சிரித்தது. "தையக்காரா, இன்னும் கொஞ்சம் ஊது!" என்று எவனோ கத்தினான். பிறகு சிரிப்பு அடங்கியது, ஏனென்றால் அவள் வாசிப்பு அப்படி. மாஸ்டர் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பியானோக்காரர் நிறுத்தவில்லை, தோல் வாத்தியக்காரர்கள் நிறுத்தவில்லை, ஆடுகிறவர்களும் நிறுத்தவில்லை. அவள் முடித்தபோது எழுந்த கைதட்டலுக்கு அவள் குனியவில்லை. நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டாள். நான் பின்வாசல் வழியாக ஓடிவிட்டேன்.

மாஸ்டர் அவளை அன்றே அனுப்பிவிட்டார். இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நான் கடைக்குள் ஒடுங்கிக் கிடந்தேன். நான்காம் நாள் அவளே வந்தாள். கைகளை விரித்து நின்று, "அளவெடு. எனக்கு ஒரு சூட்டு வேணும்" என்றாள். நாடாவை அவள் தோளில் வைத்துக்கொண்டே, "எர்மினியா, நான் கராகஸ்..." என்று தொடங்கினேன். "கை நீளம் சரியா எடு. குழாய நீட்டறப்ப புடிக்கக் கூடாது. இன்னும் பதினோரு பேரு வருவாங்க. எல்லாம் பொம்பளைங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இருபத்தாறு வருஷமாக, சண்டையில்கூட, அதை அவள் எடுத்ததில்லை.

பதினோரு பெண்களைத் தேடிப் பிடிக்க ஒரு வருஷம் ஆனது. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு "திரை இல்லாமல்" என்று ஏன் பெயர் வைத்தாள் என்று சின்ன வயதில் கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். காரணம் இதுதான். முதல் இரண்டு வருஷம் அவர்களைக் கூப்பிட ஆளில்லை. ஞானஸ்நான வீடு, ஆலைத் தொழிலாளர் சங்க விழா என்று கிடைத்த இடத்தில் எல்லாம் வாசித்தார்கள். எண்பத்து மூன்றாம் வருஷத் திருவிழாவில் மழையில் மின்சாரம் போய் மைக்குகள் செத்தன. மற்ற ஆர்க்கெஸ்ட்ராக்கள் வண்டியில் ஏறிவிட்டன. உன் அம்மா பெண்களை மேடை விளிம்புவரை நடத்திக்கொண்டு வந்து, "மைக்க நம்பியா வந்தோம்? ஊதுங்கடி!" என்றாள். மழையில் நனைந்தபடி ஜனங்கள் ஒன்றரை மணி நேரம் ஆடினார்கள். நீ இரண்டு வயதுப் பிள்ளை, கொங்கா மத்தளத்தின் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகுதான் லீமாவும் பனாமாவும் இசைத்தட்டும் வந்தன. கடைசியில் எலாடியோ மாஸ்டரே ஒரு பாட்டு எழுதி எடுத்துக்கொண்டு வந்து நம் வாசலில் நின்றார். உன் அம்மா அவரை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். அந்தப் பாட்டை இன்றும் வாசிக்கிறாள்.

பத்திரிகை வந்த அன்று, ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவளைக் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீ பண்ணினதெல்லாம் அந்தப் பொண்ணுக்கு எதுக்கு? பதினாலு மாசம் திரை ஓட்டைல எனக்குத் தெரிஞ்சது உன் முதுகுதான். அதப் பாத்துத்தான் ஊதினேன். போ, அடுப்பப் பாரு" என்றாள்.

யமிலெத், மூன்று வருஷத்துக்கு முன் திருவிழா அன்று, ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்பெட் ஊத வேண்டிய நீ, வெள்ளத்தில் பஸ் நின்று இருபது நிமிஷம் தாமதமாக வந்தாய். அதற்குள் அவள் வேனை எடுக்கச் சொல்லிவிட்டாள். "உங்களுக்கு ஆர்க்கெஸ்ட்ராதான் பிள்ள. யாரையும் மன்னிக்கத் தெரியாதும்மா உங்களுக்கு" என்று, நாங்கள் திரும்பி வந்ததும், நீ வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாய். நீ சொன்னதில் நியாயம் இருந்தது, அவள் செய்தது தப்பு. ஆனால் அன்று வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். பாலம் தாண்டும்வரை அவள் பின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ போன் செய்தால் என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறவள், கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறாள். 'தப்பு என்னுதுதான்' என்கிற வார்த்தை அவளுக்கு வாயில் வராது. அந்த வாய்க்குப் பேசிப் பழக்கமில்லை, ஊதித்தான் பழக்கம்.

மரியாதை விழாவுக்குப் புதிதாக ஒரு பாட்டு எழுதுகிறாள். எல்லோருக்குமான தாள்களையும் தன் கையால் எழுதி, மூலையில் அவரவர் பெயரைப் போட்டு அடுக்கிவிட்டாள். ஒத்திகை டிசம்பர் பத்தாம் தேதி தொடங்குகிறது. அந்த அடுக்கில் சேராமல் ஒரு டிரம்பெட் தாள் மட்டும் தனியாக இருந்தது. மூலையில் பெயர் இல்லை. எனக்குச் சுரம் படிக்கத் தெரியாது. ஆனால் சுரம் எழுதுகிற ஐந்து கோடுகளையும் தாண்டி மேலே மேலே குட்டிக் கோடுகளாகப் போட்டு ஏற்றியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. இப்போது இருக்கிற இரண்டு பெண்களும் நன்றாகத்தான் ஊதுகிறார்கள், ஆனால் அவ்வளவு உயரத்துக்கு அவர்கள் போய் நான் கேட்டதில்லை. போகிற ஒருத்தியை எனக்குத் தெரியும்.

அந்தத் தாளை வியாழக்கிழமை நான் உனக்குக் கடிதம் எழுதுகிற மேசையில், என் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதை எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று நாளாகிறது. தினமும் அந்த மேசையைத் துடைக்கிறாள். தாள் எங்கே என்று அவள் கேட்கவில்லை.

உன் மூச்சு நீளமாக இருக்கட்டும், உதடு வெடிக்காமல் இருக்கட்டும், எந்த ஊர் மேடையிலும் உன் முகம் வெளிச்சத்தில் இருக்கட்டும் என்று கன்னிமாதாவை வேண்டிக்கொள்ளும்,

உன் அப்பா,
அர்னுல்ஃபோ தாஸ்கோன்