கதவில் நசுங்கிய விரல்கள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், என் வலது கையைத் தவிர. எழுத்து கோழி கிறுக்கியது போல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இடது கைக்கு இப்போதுதான் அரிச்சுவடி. போனில் பேசினால் நம் இருவரில் ஒருவர் கத்திவிடுவோம். அதனால்தான் கடிதம்.

இன்சூரன்ஸ்காரர்கள் என் மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'வீட்டுக் கதவில் கை நசுங்கியது' என்று இருக்கிறதாம். அப்படிச் சொன்னது நான்தான். சொல்லச் சொன்னது நீங்கள்.

தொழிற்சாலையில் சோப்புக்கு உறை சுற்றும் மெஷினில் காகிதம் சிக்கினால் நிறுத்தாமல் கையை விட்டு எடுப்பதுதானே நம் வழக்கம்? அன்று உருளை மூன்று விரல்களை இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் என் கையைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "கதவுல நசுங்குச்சுன்னு சொல்லுடி. போர்டு எரநூத்தித் தொண்ணூத்தாறுல நிக்குது, இன்னும் நாலே நாள்" என்றீர்கள். விபத்தில்லாத நாட்களை எண்ணும் அந்தப் போர்டு முந்நூறைத் தொட்டால் ஆளுக்கொரு மிக்ஸி. நாற்பது பேர் மிக்ஸியில் மண்ணைப் போடுவானேன் என்று எனக்கும் பட்டது. பைத்தியக்காரி நான். அண்ணனிடம்கூட அதே கதையைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு ஆபரேஷன் செய்தால் விரல்கள் மடங்கும், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்கிறார் டாக்டர். இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்டால்தான் அது நடக்கும். எங்கள் வரிசைக்கு மேற்பார்வையாளர் நீங்கள். நடந்ததை நாலு வரி எழுதிக் கொடுங்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 12

அன்பு வாயாடிக்கு,

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? வெறும் வயிற்றில் போடாதே.

நாலு வரிதான். எழுதினால் மறுநாளே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உன் அண்ணனுக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. வாடகை, சின்னவள் படிப்பு எல்லாம் என் தலையில். உனக்குத் தெரியாததா?

இன்சூரன்ஸ்காரர்கள் ஏதோ ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்ளத் தயார் என்று மேனேஜர் சொன்னார். வாங்கிக்கொண்டு முடித்துவிடேன். அந்த வேலையை உனக்கு வாங்கிக் கொடுத்தவளும் நான்தான். என்னைக் குற்றவாளிபோல் எழுதியிருக்கிறாய், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அண்ணி

மார்ச் 19

அண்ணிக்கு,

அவர்கள் கொடுத்த காகிதத்தை வீட்டுக்காரரை உட்கார வைத்து இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். 'முழுத் தீர்வு' என்று பெயர். கையெழுத்துப் போட்டால் ஒரு தொகை கிடைக்கும். அதன்பிறகு அந்தக் கைக்கு ஆபரேஷன், மருந்து, எதுவும் கேட்க முடியாது. விரல்கள் காலத்துக்கும் இப்படியேதான் நிற்கும்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. ஜாக்கெட் கொக்கி மாட்ட ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பிள்ளை தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போகிறான், நான் போட்டு உடைத்துவிடுவேன் என்று பயம் அவனுக்கு.

உங்கள்மேல் பழி போடவில்லை. கையை விட்டதும் நான், பொய் சொன்னதும் நான். ஆனால் அது பொய் என்று நான் சொன்னால் காசுக்காகச் சொல்கிறேன் என்கிறார்கள். நீங்கள் சொன்னால்தான் எடுபடும். மேல்முறையீடு செய்திருக்கிறேன், இருபத்தெட்டாம் தேதி விசாரணை. நீங்கள் வராவிட்டால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு உங்களுக்கு எழுதமாட்டேன். இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

வாயாடி

மார்ச் 25

அன்பு வாயாடிக்கு,

உன் கடிதங்களை உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். இரண்டு நாளாக என்னிடம் பேச்சு இல்லை.

விசாரணை அதிகாரிக்கு இன்று தபாலில் அனுப்பியதை உனக்காக இங்கே எழுதுகிறேன்: 'விபத்து தொழிற்சாலையில் நடந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காகிதம் சிக்கினால் மெஷினை நிறுத்தக் கூடாது என்று தொழிலாளர்களுக்குச் சொல்லி வைத்திருந்தவள் நான். ஆஸ்பத்திரியில் வீட்டுக் கதவு என்று சொல்லச் சொன்னவளும் நான்.'

இருபத்தெட்டாம் தேதி நேரிலும் வருகிறேன். வேலை போனால் போகட்டும் என்று வீறாப்பாக எழுத எனக்கு வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. நீ அங்கே வாசலில் நில், தனியாக உள்ளே போக என்னால் முடியாது.

அண்ணி

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

உத்தரவு வந்துவிட்டது. மனுவை ஏற்றுக்கொண்டார்கள், சிகிச்சைச் செலவு முழுக்க அவர்கள் பொறுப்பு. ஆபரேஷன் மே ஆறாம் தேதி.

உங்களுக்கு வேலை போனதை அண்ணன் சொன்னார். ஆறுதலாக எழுத நினைத்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். எதை எழுதினாலும் பொய்யாக இருந்தது.

விசாரணை முடிந்து படியிறங்கும்போது, "என்னை மன்னிச்சிட்டியா?" என்று கேட்டீர்கள். நான் பஸ்ஸைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். இப்போதும் எனக்குத் தெரியவில்லை, அண்ணி. சில நாள் அந்த வண்டி ஞாபகம் வரும்போது உங்கள்மேல் ஆத்திரமாக வருகிறது. என் ரத்தத்தைப் பிடித்துக்கொண்டே நாள் கணக்குச் சொன்னீர்களே.

நேற்று ஆஸ்பத்திரியில் படிவம் கொடுத்தார்கள். நோயாளியோடு தங்குபவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. வீட்டுக்காரர் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதப் போனார். நான் வாங்கி, இடது கையாலேயே உங்கள் பெயரை எழுதினேன். முந்தின நாளே வந்துவிடுங்கள்.

உங்கள் வாயாடி